ஆப்பிள்-1 பிறந்தது காராஜிலா, கம்பெனி மேசையிலா?

செம்புக்கம்பி:
ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1 காராஜில் பிறந்தது என்ற கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1975-ல், அதை உருவாக்கிய ஸ்டீவ் வோஸ்னியாக் ஹ்யூலெட்-பேக்கர்டில் (எச்பி) கால்குலேட்டர் வடிவமைக்கும் எஞ்சினியர். வேலை முடிந்து வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார், திரும்பவும் ஆபீசுக்கே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து சாலிடர் வைப்பார். மேலதிகாரி சரி என்றால் சொந்த டிசைனுக்கு ஸ்டோரிலிருந்தே பாகங்கள் எடுக்கலாம். இப்படி ஒரு கம்பெனி இல்லாமல் ஆப்பிள்-1 சர்க்யூட் போர்டு வந்திருக்குமா?

பழைய ஐசி:
வந்திருக்காது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள், நண்பரே? பொறி வேறு இடத்தில் விழுந்தது. 1975 மார்ச் 5, மென்லோ பார்க், கோர்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் காராஜ். கம்ப்யூட்டர் ஆர்வலர்களின் ஹோம்ப்ரூ கிளப்பின் முதல் கூட்டம். பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டும் அல்டேர் 8800 கம்ப்யூட்டர் பற்றித்தான் பேச்சு. அங்கே கொடுத்த மைக்ரோபிராசசர் விவரத்தாளை வோஸ்னியாக் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தார். தன் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று அவருக்குப் பிடிபட்டது அன்று இரவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளப்பில் காட்ட வேண்டும் என்ற துடிப்பை எந்த ஸ்டோர் ரூம் கொடுக்கும்? கம்பெனியிடம் அந்த டிசைனைக் கொண்டுபோனபோது வேண்டாம் என்றார்கள். ஐந்து தடவை என்று அவரே சொல்கிறார்.

செம்புக்கம்பி:
வேண்டாம் என்றவர்கள் பூட்டி வைக்கவில்லையே. எங்களுக்கு உரிமை இல்லை, நீயே வைத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை முதலாளிகள் செய்வார்கள்? இன்னொன்று: கூட்டம் பெருத்ததும் உங்கள் கிளப் போய் உட்கார்ந்தது ஸ்டான்ஃபோர்டு நேர்முடுக்கி மையம் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அரங்கத்தில். அதுவும் ஒரு வேலையிடம்தான்.

பழைய ஐசி:
அரங்கம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே அரங்கத்தில்தான் அவர் தன் சர்க்யூட் படத்தை நகலெடுத்துக் காசில்லாமல் கொடுத்தார்.

ஜிங்க்டப்பா:
இரண்டு பேரும் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. படம் வாங்கிப்போனவர்களில் பலருக்கு அதைக் கையால் கட்டி முடிக்க நேரமில்லை. பாகங்கள் பொருத்தாத வெறும் பிசிபி (சர்க்யூட் போர்டு) அடித்து விற்கலாம் என்று வோஸ்னியாக்கின் நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னது அதனால்தான். அந்தச் செலவுக்கு ஜாப்ஸ் வேனை விற்றார், வோஸ்னியாக் தன் எச்பி-65 கால்குலேட்டரை விற்றார். சம்பளம் கொடுத்த கம்பெனியின் சரக்கு அது. கிளப்பின் தேவைக்காக விற்றார். இதில் எதைத் தனியாகப் பிரித்து எடுப்பீர்கள், சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
எச்பி-65 எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் இரவு விளக்கு எரிந்த இடம் ஆபீஸ்தான், அதை விடமாட்டேன்.