ஏஐ சுருக்கமும் அசல் தீர்ப்பும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிட்டன, எப்படிப் பிரிப்பது? (வக்கீல் ஆபீஸ், கூடலூர், நீலகிரி)

கூடலூர் ஜூனியர்

வணக்கம். கூடலூரில் ஒரு சீனியரிடம் நான்காவது வருடமாக ஜூனியராக இருக்கிறேன். சீனியர், நான், போன வருடம் சேர்ந்த தம்பி ஒருவர், குமாஸ்தா அண்ணன், இவ்வளவுதான் எங்கள் ஆபீஸ். பாதிக்கு மேல் நிலக் கேஸ்கள். ஜென்மம் நிலம் (பழைய பரம்பரை நில உரிமை), பிரிவு 17 நிலம் (ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்டங்கள்), தனியார் காடு என்று இந்தப் பக்கத்துக்கே உரியவை.

ஒன்றரை வருடமாக ஏஐ சம்பந்தமாக எது கையில் கிடைத்தாலும் சேர்த்து வைத்தோம். வாட்ஸப்பில் வந்த பயிற்சி வகுப்புக் குறிப்புகள், நல்ல பதில் வாங்கித் தந்த கேள்விகள், ஏஐ எழுதித் தந்த தீர்ப்புச் சுருக்கங்கள், மாதச் சந்தா கேட்கும் கருவிகளின் விளக்கக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. கொஞ்சம் 'ஏஐ' ஃபோல்டரில், கொஞ்சம் 'தீர்ப்பு' ஃபோல்டரில், மீதி தம்பியின் போனில். எண்ணிப் பார்த்தால் 600 கோப்புகளுக்கு மேல் வருகிறது.

போன வாரம் ஒரு நிலக் கேஸுக்கு எழுத்துமூல வாதம் தயாரித்தேன். 'தீர்ப்பு' ஃபோல்டரில் 'கொயல்ஹோ 2007' என்று ஒரு கோப்பு. "ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1969ஆம் வருட கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை ரத்து செய்தது" என்று அதில் இருந்தது. தீர்ப்பிலிருந்து எடுத்த குறிப்பு என்று நம்பி அப்படியே எழுதிவிட்டேன். வாய்தாவுக்கு முந்தின இரவு சீனியர் படித்துப் பார்த்து, "இப்படி அந்தத் தீர்ப்பில் இல்லையே, அசலை எடு" என்றார். அது ஏஐ எழுதிய சுருக்கம். அதே வாதத்தில் சொல்லியிருந்த ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை இரண்டு இரவு தேடினேன். எண் இருக்கிறது, வருடம் இருக்கிறது, தீர்ப்பு எங்கேயும் இல்லை.

சீனியர் திட்டவில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கட்சிக்காரர் நாடுகாணியிலிருந்து மழையில் பஸ் ஏறி வருகிற பெரியவர். அவருடைய நிலம் இது.

கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது, இனிமேல் கலக்காமல் எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே நெட்வொர்க் அடிக்கடி போய்விடும். முழுக்க இணையத்தில் வைக்கும் முறை எங்களுக்கு ஒத்துவராது.

குன்னூர் வக்கீல்

அம்மா, முதலில் அந்த கொயல்ஹோ விஷயத்தைச் சரியாகத் தெரிந்துகொள். நம் மலையிலிருந்து கிளம்பிப் போன வழக்கு அது.

1969 சட்டம் வந்தது. 1972இல் பால்மாடீஸ் பிளாண்டேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜென்மம் எஸ்டேட்டில் உள்ள காடுகள் அரசுக்குப் போகும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. அது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது, அதனால் அரசியல் சாசனத்தின் 31-ஏ பிரிவு அப்படிப்பட்ட சீர்திருத்தச் சட்டங்களுக்குத் தரும் பாதுகாப்பு கிடைக்காது என்பது காரணம். அப்புறம் 1974இல் அரசியல் சாசனத்தின் 34ஆவது திருத்தம் வந்தது. சட்டத்தை முழுசாக ஒன்பதாவது அட்டவணையில், அதாவது அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாதபடி பாதுகாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்குதான் 2007 ஜனவரி 11இல் ஒன்பது நீதிபதிகள் முன்னால் முடிந்தது. கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24 அன்றும் அதற்குப் பிறகும் அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பை (அரசியல் சாசனத்தில் திருத்தத்தாலும் மாற்ற முடியாத அம்சங்களை) வைத்து நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று அமர்வு பதில் சொன்னது. கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். நம் கூடலூர் சட்டம் செல்லுமா செல்லாதா என்று அங்கே முடிவு செய்யவில்லை. வழக்குகளை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள்.

உன் ஏஐ என்ன செய்திருக்கிறது என்று தெரிகிறதா? 1972இல் ஒரு பகுதிக்குச் சொன்னதைத் தூக்கி 2007இன் தலையில் வைத்துவிட்டது. சட்டத்தின் பெயர் சரி, வருடம் சரி, நீதிபதிகள் எண்ணிக்கை சரி. முடிவு மட்டும் தப்பு. இல்லாத தீர்ப்பைத் தேடினால் கிடைக்காது, அதனால் தப்பு அகப்பட்டுவிடும். இந்த மாதிரித் தப்பு அகப்படாது. அசலைப் படித்தவர் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. உனக்கு சீனியர் இருந்தார்.

என் ஆபீஸில் ஒரே கட்டுப்பாடு. 'தீர்ப்பு' என்று பெயர் வைத்த இடத்தில் நீதிமன்றத் தளத்திலிருந்து நாமே இறக்கியது மட்டும்தான் இருக்கும். ஏஐ எழுதிய ஒரு வரிகூட அதற்குள் வரக் கூடாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் 2023இலிருந்து இலவசமாகவே கிடைக்கின்றன.

ஊட்டி குமாஸ்தா

வணக்கம் மேடம். 22 வருடமாகக் கேஸ் கட்டு கட்டுகிறவன். கட்டைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்துத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரிலும் அதேதான்.

நாங்கள் கோப்பின் பெயரை ஓர் எழுத்தில் தொடங்குகிறோம். அசலுக்கு 'அ'. ஏஐ சுருக்கத்துக்கு 'சு'. கேட்ட கேள்விக்கு 'கே'. பயிற்சிக் குறிப்பு, கட்டுரைக்கு 'ப'. பிறகு தேதி, நீதிமன்றம், கட்சிக்காரர் பெயர். 'அ 2007-01-11 உச்ச கொயல்ஹோ' என்று இருக்கும். வருடம் முதலில் வந்தால் தானாக வரிசையில் நிற்கும்.

600 கோப்பையும் உட்கார்ந்து பெயர் மாற்றாதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். எல்லாவற்றையும் 'பழையது' என்று ஒரே ஃபோல்டரில் தள்ளிவிடுங்கள். ஒரு கேஸுக்குத் தேவைப்படும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்து, அசலோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றிப் புது இடத்தில் வையுங்கள். எங்கள் ஆபீஸில் ஆறு மாதத்தில் 70 கோப்புதான் அப்படி வந்தது. மற்றதை யாருமே தேடவில்லை.

மசினகுடி

எங்களிடமும் இதே நிலைமைதான். பதில்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

கொடைக்கானல் அட்வகேட்

மேடம், கேள்விகளைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களே, அதைத் தனியாகக் கவனியுங்கள். அங்கேதான் நான் அடிபட்டேன். முன்ஜாமீனுக்கு ஒரு நல்ல கேள்வி எழுதி வைத்திருந்தேன். 2023இல் எழுதியது, அதில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 438 என்று இருந்தது. 2024 ஜூலை 1இலிருந்து முன்ஜாமீன் புதிய நடைமுறைச் சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482. பழைய சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், இப்போது அது 528. எண்ணை மட்டும் 482 என்று மாற்றிவிட்டுக் கேட்டேன். ஏஐ பழைய 482ஐயும் புதிய 482ஐயும் சேர்த்துக் குழைத்து ஒரு பதில் தந்தது. படிக்க நன்றாகவே இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியின் தலையிலும் இரண்டு விஷயம் எழுதுகிறேன். கேள்வியை எந்தத் தேதியில் எழுதினேன், எந்தச் சட்டத்தின் பிரிவு. வெறும் எண் எழுதுவதே இல்லை. நீதிமன்றத்தையும் எழுதுங்கள். கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம், எங்களுக்கு மதுரைக் கிளை. உங்களுக்குச் சென்னை. என் கேள்வியை நீங்கள் அப்படியே எடுத்துக்கொண்டால் அதிலும் ஒரு தப்பு உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு ஏஐ கொள்கை வெளியிட்டது. உத்தரவையோ தீர்ப்பையோ முடிவு செய்ய ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தும் ஒவ்வொரு தடவையும் பதிவு வைக்க வேண்டும் என்கிறது. அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும்தான், வக்கீல்களுக்கு அல்ல. ஆனால் பதிவு வைக்கும் வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன்: தேதி, கேஸ், கருவி, என்ன கேட்டேன், அசலோடு யார் சரிபார்த்தது. ஐந்து கட்டம், ஒரு வரி.

கூடலூர் ஜூனியர்

ஐயா, அண்ணா, மேடம், மூவருக்கும் நன்றி. ஐயா சொன்ன பிறகு கொயல்ஹோ தீர்ப்பை இறக்கி முழுசாகப் படித்தேன். ஆரம்பத்திலேயே பால்மாடீஸ் பற்றி வருகிறது. நான்கு வருடம் கூடலூரில் வக்கீலாக இருந்தும் இதுவரை அதைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். சுருக்கத்தை ஏஐயிடமே திரும்பக் கொடுத்து 'இது சரியா' என்று கேட்டுச் சரிபார்த்தால் போதாதா? தம்பி அப்படித்தான் செய்கிறார், வேகமாகவும் இருக்கிறது.

கோத்தகிரி கணினி

போதாது. நான் வக்கீல் இல்லை, ஆபீஸ்களுக்குக் கணினி அமைத்துத் தருகிறவன். இந்த மாதிரிக் கருவி அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதுகிறது. தீர்ப்பு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும், அந்தத் தீர்ப்பு இருக்கிறதா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. இணையத்தில் தேடிச் சொல்லும் கருவிகளும் இருக்கின்றன. அவையும் கிடைத்ததைத் தப்பாகச் சுருக்கலாம்.

2023இல் நியூயார்க்கில் அவியான்கா விமான நிறுவனத்தின் மீதான வழக்கில் நடந்தது இதுதான். இல்லாத தீர்ப்புகளை வக்கீல்கள் தாக்கல் செய்தார்கள். அதில் ஒன்றைப் பற்றி 'இது உண்மையான வழக்கா' என்று ஏஐயிடமே கேட்டிருந்தார்கள். ஆமாம் என்றது. கடைசியில் 5,000 டாலர் அபராதம்.

சரிபார்த்த அசல் தீர்ப்புகளை மட்டும் ஏற்றி, 'இதற்குள் இருப்பதை வைத்து மட்டும் பதில் சொல், ஒவ்வொரு வரிக்கும் பத்தி எண் கொடு' என்று கேளுங்கள். தப்பு குறையும். பத்தி எண்ணை வைத்து அசலைத் திறந்து பார்ப்பதும் சுலபம். அப்படித் திறந்து பார்க்கும் வேலையை மட்டும் தம்பிதான் செய்ய வேண்டும்.

நெட்வொர்க் பிரச்சினைக்கு, 'அ' கோப்புகளை ஆபீஸ் கணினியிலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை மாலை, நகல் எடுத்துவிடுங்கள்.

உங்களிடம் தமிழ் ஆவணங்கள் இருக்குமே, அவை தேடலில் வருகின்றனவா?

கூடலூர் ஜூனியர்

வரவே இல்லை. பட்டா விவரம், பழைய பத்திர நகல், கீழ் நீதிமன்றத் தீர்ப்பு எதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஒன்றை ஏஐயிடம் கொடுத்தால் பத்திரத்தில் இல்லாத எல்லைகளை எழுதுகிறது.

கோத்தகிரி கணினி

இரண்டு காரணம் இருக்கும். ஸ்கேன் செய்தது என்றால் அது வெறும் படம், அதில் எழுத்தே இல்லை. டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் தமிழைப் படித்து எழுத்தாக்கும். உங்கள் கணினியிலேயே ஓடும், ஆவணம் வெளியே போகாது. கையெழுத்துப் பத்திரங்களை அதனிடம் கொடுக்காதீர்கள், அவற்றை ஆள்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

தட்டச்சு செய்த கோப்பு என்றால் வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவாக இருக்கலாம். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக வந்தால் அதுதான். என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு, எல்லாக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடாக மாற்றுங்கள். ஏஐ அந்தக் குப்பையைப் படித்துவிட்டு, பத்திரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லைகளை அதுவாகவே நிரப்பியிருக்கும். மாற்றிய பிறகு சர்வே எண்களை மட்டுமாவது அசலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பக்கத்துத் தோட்டமாகிவிடும்.

பந்தலூர் சட்ட உதவித் தன்னார்வலர்

ஒரு வேண்டுகோள். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடும்பங்களின் வன உரிமை மனுக்களை ஏற்றிச் சுருக்கம் எடுப்பதைச் சில இடங்களில் பார்க்கிறேன். குடும்பத்தில் யார் யார், எந்தக் குடிசை, எவ்வளவு நிலம் எல்லாம் அதில் இருக்கிறது. நம்மை நம்பிக் கைநாட்டு வைத்துத் தந்த காகிதம் அது. தயவுசெய்து பெயரையும் இடத்தையும் எடுத்துவிட்டு, சட்டக் கேள்வியை மட்டும் கேளுங்கள்.

குன்னூர் வக்கீல்

இவர் சொல்வது சரி. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132. கருவியில் ஏற்றுவதற்கு முன் அதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உச்ச நீதிமன்றத் தளத்தில் கிடைக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகளையும் 'அ' என்று வைக்காதே அம்மா. கட்சிக்காரர் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அவை, ஆங்கிலமே அதிகாரபூர்வமானது என்று அதிலேயே எழுதியிருக்கும். கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்ட நல்லது.

ஊட்டி குமாஸ்தா

அப்போ அதற்கு 'மொ' என்று ஓர் எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். நானும் இன்று சேர்த்துவிட்டேன்.

கூடலூர் ஜூனியர்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் 'பழையது' ஃபோல்டரில் தள்ளிவிட்டோம். இந்த ஒரு கேஸுக்கு வேண்டிய 9 தீர்ப்புகளை மட்டும் புதிதாக இறக்கி 'அ' போட்டோம். பழைய சுருக்கங்களில் இந்த ஒன்பதுக்கும் இருந்ததை ஒப்பிட்டோம். ஆறு சரி, இரண்டில் பத்தி எண் தப்பு, ஒன்று அந்த கொயல்ஹோ. அதன் மேலேயே 'தவறு, 1972ஐப் பார்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பதிவு நோட்டு குமாஸ்தா அண்ணன் கையில் இருக்கிறது. 'யார் சரிபார்த்தது' கட்டம் காலியாக இருந்தால் அவர் அச்செடுத்துத் தருவதில்லை. சீனியருக்கும் அதே விதிதான். நேற்று அவரையே திருப்பி அனுப்பினார், அவரும் உட்கார்ந்து படித்துக் கையெழுத்துப் போட்டார்.

பெரியவரின் பத்திரம் வானவில்லில்தான் இருந்தது. மாற்றிய பிறகு சர்வே எண்களைத் தம்பி வாசிக்க, நான் அசலைப் பார்த்துச் சரிபார்த்தேன். உட்பிரிவு ஒன்றில் 3, 8 ஆகியிருந்தது. திருத்திவிட்டோம். எழுத்துமூல வாதம் திங்கள்கிழமை தாக்கல்.