சைலென்சர் மாற்றினால் ஃபியூயல் ட்யூனிங் கட்டாயமா?

கேள்வி: என்னுடையது ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக், பிஎஸ்6 (புகை விதிப்படி வந்த) வண்டி. போன வாரம் இரண்டு பக்கமும் ஸ்லிப்-ஆன் (பைப்பின் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றும்) சைலென்சர் மாட்டினேன், ஏர் ஃபில்டரைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று வெடிக்கிறது. ஃபியூயல் ட்யூனிங் (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவைத் திருத்துவது) செய்தே ஆக வேண்டுமா?

பதில் 1: ஸ்லிப்-ஆன் மட்டும்தானே, அவசரப்படாதீர்கள். சீராக ஓட்டும்போது புகை பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவே காற்றையும் பெட்ரோலையும் 14.7க்கு 1 என்ற அளவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். முதலில் பைப் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போனாலே இந்த வெடிச்சத்தம் வரும்.

பதில் 2: அண்ணன் சொல்வது சரி. ஆனால் முழு த்ராட்டிலில் (ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகும்போது) ஈசியூ அந்த சென்சாரைக் கேட்காது, உள்ளே எழுதிய மேப் (பெட்ரோல் அளவு அட்டவணை) படிதான் பெட்ரோல் விடும். அதனால் ஹெடர் பைப்போடு (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் முதல் பைப்) மாற்றி, ஏர் ஃபில்டரையும் ஃப்ரீ-ஃப்ளோ (காற்று தாராளமாகப் போகும் வகை) ஆக்கினால் கலவை லீன் ஆகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) இன்ஜின் சூடேறும், அப்போது டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் கருவி) வைத்து ரீமேப் செய்யாமல் (அந்த மேப்பைத் திருத்தாமல்) ஓட்டவே ஓட்டாதீர்கள். என் பழைய கார்புரேட்டர் வண்டியில் மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) மாற்றாமல் ஓட்டி, கழற்றிப் பார்த்தால் லீன் கலவையால் பிளக் வெள்ளைவெளேர் என்று இருந்தது. பாவம் வண்டி.

கேள்வி கேட்டவர்: இடது பக்க கிளாம்ப் லூசாக இருந்தது! இறுக்கியதும் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. ரொம்ப நன்றி, ஹெடரைத் தொடப்போவதில்லை.