ஃபைஃப் வீடுகளில் உள்ளூர்ப் பசுமை ஹைட்ரஜன்: நேரடி மின்சாரத்தைவிடச் சிறந்ததா?

கேள்வி:
ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், பக்ஹேவன், டென்பீத் ஆகிய ஊர்களில் 300 வீடுகள் வரை பசுமை ஹைட்ரஜனை வழங்கும் எச்100 திட்டத்தைப் பற்றித் தெளிவு வேண்டுகிறேன். லெவன்மவுத் கடலோரக் காற்றாலையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பகுத்து, கிடைக்கும் வாயுவைச் சமையலுக்கும் வீட்டைச் சூடாக்கவும் தருவதே அதன் நோக்கம். தம் ஊரில் வீசும் காற்றிலிருந்தே மக்கள் எரிபொருள் பெறுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மின்சாரத்தை நேராக வீடுகளுக்கே கொடுத்துவிடலாமே?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் மிகச் சரியானது. ஒரு கிலோ ஹைட்ரஜனை உண்டாக்க 50 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகிறது. அதைக் கொதிகலனில் எரித்தால் ஏறக்குறைய 33 யூனிட் வெப்பமே கிடைக்கும். அதே 50 யூனிட்டை வெப்பப் பம்புக்குக் கொடுத்தால், அது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துச் சேர்ப்பதால், 150 யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். ஹைட்ரஜனை எரிகலம் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) வழியாக மீண்டும் மின்சாரமாக்கினாலோ சுமார் 16 யூனிட்தான் மிஞ்சும். மின்தொகுப்பு இணைப்பு நன்றாக இருக்கும் வீட்டில், வெப்பப் பம்புக்குத் தேவையானதைவிட நான்கைந்து மடங்கு காற்றாலைகளை நிறுவச் செய்யும் இந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன்.

மறுமொழி 2:
முன்னவரின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் மின்சாரம் வெளியே செல்ல வழி இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு முழுமையாகப் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில் உற்பத்தி உள்ளூர்த் தேவையை விஞ்சியும், பெருநிலத்துக்குச் செல்லும் கடலடிக் கம்பிகளின் கொள்ளளவு போதாததால், நல்ல காற்று வீசும் நேரத்தில் காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனால்தான் அங்குள்ள ஈடே தீவில், ஊர்மக்களுக்கே சொந்தமான 900 கிலோவாட் காற்றாலையின் மிகுதி மின்சாரத்தையும் கடல் ஓத மின்சாரத்தையும் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்து, கப்பலில் கிர்க்வால் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கே எரிகலத்தில் மின்சாரமாக்கினார்கள். நிறுத்தப்படவிருந்த மின்சாரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மீண்டாலும் அது ஊருக்கு லாபமே. நார்வேயின் உட்சிரா தீவில் 2004 முதல் 2008 வரை, காற்று ஓய்ந்த நேரங்களில் 10 வீடுகளுக்குச் சேமித்த ஹைட்ரஜனால் மின்சாரம் தந்ததும் இதே வழியில்தான். மின்கலங்கள் சில மணி நேரத்துக்கு உதவும்; வாரக்கணக்கில் சேமிக்க வேண்டிய தீவுகளில் ஹைட்ரஜன் தொட்டிக்கு இன்னும் இடம் உண்டு என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வீட்டுக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்பதையும் யாரேனும் விளக்குங்கள்.

மறுமொழி 3:
இயற்கை எரிவாயு காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். ஹைட்ரஜனோ 4 முதல் 75 விழுக்காடு வரை எரியும் தன்மையுடையது. மிக இலேசானதாகையால் விரைவில் மேலெழுந்து கலைந்துவிடும் என்றாலும், மூடிய அறையின் கூரையடியில் அது தேங்கலாம். பகலில் அதன் தீச்சுடர் கண்ணுக்குப் புலப்படாது. வாயுவுக்கும் மணமில்லை என்பதால் மணமூட்டியே வழங்க வேண்டும். ஃபைஃப் திட்டத்தில் பழைய எரிவாயுக் குழாய்களையே நம்பாமல், அவற்றுக்கு இணையாகப் புதிய குழாய்களை அமைத்ததும், விருப்பமுள்ள வீடுகளை மட்டும் சேர்த்ததும் எனக்குச் சரியாகவே படுகின்றன. இங்கிலாந்தின் விட்பி கிராமத்தில் வீடுகளுக்கு ஹைட்ரஜன் தரத் திட்டமிட்ட சோதனை, மக்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 2023 ஜூலையில் கைவிடப்பட்டதை நினைத்தால், அந்த விருப்பம் எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.