அறிவியல் புனைகதைக்குப் பெண்ணியம் எதற்கு?

பாளையங்கோட்டை வாசகர்:
அறிவியல் புனைகதையில் பெண் எழுத்தாளர்களைத் தனியே பிரித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. கற்பனையும் அதைத் தாங்கும் தர்க்கமுமே இவ்வகை எழுத்தின் உயிர். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ 1818இல் ஆசிரியர் பெயரே இல்லாமல்தான் வெளிவந்தது. அதனால் அதன் வலிமை குறைந்துவிடவில்லை. நம் புதுமைப்பித்தன் அதைத் தமிழில் தந்ததும் கதையின் ஆற்றலுக்காகவே என்று நினைக்கிறேன். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் வந்த கதைகளை ஆணால் மட்டுமே எழுத முடியும் என்னும் தொனியில் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் 1975இல் முன்னுரையே எழுதினார். அந்த டிப்ட்ரீ, ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்பது 1977இல் தெரியவந்தது. எழுத்தில் ஆண், பெண் பேதம் இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

வள்ளியூர் ஆசிரியை:
அண்ணாச்சி, அந்தச் சான்று உங்களுக்கு எதிராகவே பேசுகிறது. ஷெல்டன் ஏன் ஆண் பெயரைத் தேடிப் போனார் என்பதை நீங்கள் தொடவே இல்லை. நம் சுஜாதாவும் மனைவியின் பெயரில்தான் எழுதினார், தன் இயற்பெயரும் ரங்கராஜன் என்பதால் எழுத்தாளர் ரா. கி. ரங்கராஜனோடு பெயர்க் குழப்பம் வரக்கூடாது என்பது அவருக்குப் போதுமான காரணமாக இருந்தது. ஷெல்டனோ, ஆண்கள் நிறைந்த ஒரு துறையில் தன்னைப் பெண் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

மேலப்பாளையம் மாணவி:
வங்க எழுத்தாளர் ரொக்கையா சகாவத் உசேனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழில் வெளியானது. அந்தக் கதையில் வரும், பெண்கள் ஆளும் நாட்டில் பெண்கள் பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள். படையெடுத்து வந்தவர்களைச் சூரிய வெப்பத்தைக் குவித்தே விரட்டுகிறார்கள். என்னை நிறுத்தியது அந்தச் சமையலறைதான். அங்கே கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. குழாய் வழியே வரும் வெயிலில் சோறு வேகிறது. விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டே எங்களுக்கு ஆக்கிப் போட்ட என் உம்மம்மாவை அறிந்தவள் நான். போர்க்கருவியைக் கற்பனை செய்ய எத்தனையோ பேர் இருந்தார்கள் அண்ணாச்சி. அதே வெயிலை அடுப்புக்கும் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது, அந்தப் புகையை அறிந்த ஒருத்திக்குத்தான்.

பாளையங்கோட்டை வாசகர்:
அந்த இடம் அருமையானது தங்கச்சி, மறுக்கவில்லை. ஆனால் அதே கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். தாங்கள் கடமை தவறவில்லையே, வேலையைத் திருப்பித் தரக்கூடாதா என்று காவல் அதிகாரிகளும் மாவட்ட நீதிபதிகளும் கேட்டபோது, தேவைப்பட்டால் அழைக்கிறோம் என்று அரசி சொல்லிவிடுகிறாள். சிறையின் பூட்டு கைமாறியது, சிறை அப்படியே இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய நாவலில், நிலையான ஆண், பெண் பிரிவே இல்லாத மக்கள் வருகிறார்கள், அரசனே கருவுறுகிறான். நான் விரும்பும் கற்பனை அதுதான்.

வள்ளியூர் ஆசிரியை:
பிள்ளைச் சுமை யார்மீதும் விழலாம் என்றால் அந்தச் சமூகம் எப்படி நடக்கும் என்று லெ குவின் கேட்டதும் பெண்ணியக் கேள்விதான் அண்ணாச்சி. அரசி சொன்ன பதிலும், வீட்டுக்குள் இருந்த பெண்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த பதில்தான். அது ஆண்களின் காதில் விழும்போது மட்டும் நமக்கு அநியாயமாகப் படுகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மகேந்திரகிரியில் இராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அங்கே வேலைக்குப் போக வேண்டும் என்று என் வகுப்பில் சொல்லும் பெண்பிள்ளைகள் உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை அவர்களுக்குப் படிக்கக் கொடுத்தால் நாயகி நிலாவை விட்டுவிட்டு, ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஏனென்றால் அந்தக் கதையில் யோசிக்கும் வேலை பெரும்பாலும் அதற்குத்தான் தரப்பட்டிருக்கிறது.