சென்னையின் முதல் வானவில் பேரணி (2009): பழைய துண்டறிக்கைகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம் தோழர்களே. 2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் உரிமைக்காக நடத்திய சென்னையின் முதல் வானவில் பேரணிக்கு முந்தைய ஏற்பாடுகளைப் பற்றி ஆவணம் தொகுத்து வருகிறேன். பேரணி நாளுக்குச் செய்திகளும் படங்களும் கிடைத்துவிட்டன. அதற்கு முந்தைய மாதங்களுக்குத்தான் ஒன்றுமே இல்லை. யார் யார் கூடிப் பேசினார்கள், காவல்துறைக்கு என்ன எழுதினார்கள், தமிழில் என்ன அச்சடித்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. அப்போது தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 377 முழுசாக அமலில் இருந்தது. அதைத் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததே ஜூலை 2ஆம் தேதிதான். அந்தச் சூழலில் எழுதிய துண்டறிக்கையின் சொற்கள்தான் எனக்கு முக்கியம்.

நூலகத்தில் அந்த வருட நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டினேன். நிருபர்கள் நடந்த கூட்டத்தை எழுதினார்களே தவிர, நடத்தியவர்களின் வேலையை எழுதவில்லை. ஆர்குட் 2014இலும் யாகூ குழுக்கள் 2020இலும் மூடப்பட்டதால் அங்கிருந்த உரையாடல்களும் போயின. இணையக் காப்பகத்தில் சில வலைப்பூக்கள் திறக்கின்றன, படங்கள் மட்டும் வருவதில்லை. நடந்தவர்கள் சிலரிடம் பேசினேன். நினைவு இருக்கிறது, காகிதம் இல்லை. (வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் எதைப் பத்திரப்படுத்துவார்கள்?)

பெயர், முகம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் மறைத்தே சேர்ப்பேன். ஸ்கேன் வேண்டாம், செல்போனில் எடுத்த படமே போதும்.

2009 ஜூனுக்கு முந்தைய தமிழ்த் துண்டறிக்கையோ, கூட்டக் குறிப்போ, அனுமதிக் கடித நகலோ உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ இருக்கிறதா?