சனிக்கிழமை மாலைக் கூட்டம் மிஷன் குழுவைக் காக்குமா?

கடல்தாண்டி:
கிழக்கு ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்கிறோம். ஆறு பேர், ஒரே வீடு. தண்ணீர் லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும். போன மாதம், லாரி வருவதற்கு முந்தின நாள், எங்களில் ஒரு தம்பி வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் துவைத்துவிட்டார். தொட்டி காலி. அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை ஜெபத்தில் ஒருவர், "ஆண்டவரே, தண்ணீரின் அருமையை உம்முடைய பிள்ளைகளுக்கு உணர்த்தும்" என்று ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை. தம்பியிடம் நேரில் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லி, தம்பியின் காதில் விழ வைக்கிறோம். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தட்டுச் சத்தம் மட்டும்தான்.

1800 ஜனவரியில் வங்காளத்துச் செராம்பூரில் இங்கிலாந்து மிஷனரிகளான வில்லியம் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் குடும்பங்களோடு கூட்டுக்குடித்தனம் தொடங்கினார்கள். அப்போது வகுத்த விதிகளில் ஒன்று, சனிக்கிழமை மாலையில் மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று வாக்குக் கொடுப்பது. எல்லா மிஷன் குழுவிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாள்:
அண்ணா, கட்டாயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். நான் வேறொரு நாட்டில் மூன்று வருடம் இருந்த குழுவில் இதே கூட்டம் நடந்தது. "யாருக்காவது மனத்தாங்கல் உண்டா?" என்று தலைவர் கேட்பார். எங்கள் விசாவுக்கும் மாதப் படிக்கும் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். நாங்கள் பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெண்களுக்கு மட்டும் சமையல் முறை வைத்திருப்பது சரியா என்று ஒருநாள் கேட்டேன். அங்கே எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்த அறிக்கையில் என் பெயருக்கு நேரே "ஒத்துழைப்பு குறைவு" என்று இருந்தது. சோற்றுக்கு அவர் கையை எதிர்பார்த்து நிற்கிறவளிடம் மனம் திறந்து பேசு என்றால் எப்படிப் பேசுவாள்?

பழைய ஏடு:
தங்கச்சி சொல்வது சரி. செராம்பூர் கதையின் பின்பாதியையும் பாருங்கள். பிறகு வந்த இளையவர்களுக்கு, கேரியின் தம்பி மகனான யூஸ்டஸ் கேரி உட்பட, அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. கல்கத்தாவுக்குப் போய்த் தனியாக வேலையைத் தொடங்கிவிட்டார்கள். 1827-இல் செராம்பூர், தன்னை அனுப்பிய சங்கத்தோடேயே உறவை முறித்துக்கொண்டது. கேரியின் மனைவி டாரதி புத்தி பேதலித்து 1807 வரை அந்த வளாகத்தில்தான் கிடந்தார். பிள்ளைகளைக் கவனித்தது ஹன்னா மார்ஷ்மன். அந்த அம்மாவின் பாரத்தை எந்தச் சனிக்கிழமை இறக்கி வைத்தார்கள்? ஒரே வீடு, ஒரே பணப்பெட்டி என்பதே தப்பு. தனி வீடு, தனிச் சம்பளம் கொடுங்கள். வேலைக்குக் கூடட்டும்.

கடல்தாண்டி:
டாரதி அம்மாளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, ஐயா. ஆனால் அந்த மூன்று பேரையும் பாருங்கள். 1823-இல் வார்டு காலராவில் இறக்கும்வரை 23 வருடம் அவர்கள் பிரியவில்லை. கேரி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராக வாங்கிய சம்பளமும் மார்ஷ்மன் தம்பதியின் பள்ளி வருமானமும் பொதுப் பெட்டிக்குத்தான் போயின. 1812 மார்ச் 11-ஆம் தேதி அவர்களுடைய அச்சகம் எரிந்து காகிதமும் கையெழுத்துப் பிரதிகளும் போனபோது, உருகிக் கிடந்த ஈயத்தை அள்ளி மறுபடி எழுத்து வார்த்தார்கள். ஆளுக்கொரு சம்பளம், ஆளுக்கொரு வீடு என்று இருந்திருந்தால் அந்தச் சாம்பலில் யார் கை வைத்திருப்பார்கள்?

தனி வீட்டிலும் நான் இருந்திருக்கிறேன். அங்கே மனத்தாங்கல் பக்கத்து வீட்டுக்குப் போகாது, நேரே வாட்ஸ்அப்பில் ஊர்ச் சபைக்குப் போகும். சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று பவுல் எழுதினார். எங்களுக்கு ஆறு மாதத்து எரிச்சல் அப்படியே கிடந்தது.

மார்த்தாள்:
அண்ணா, அதே விதிகளில் இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். வீட்டுப் பொறுப்பு ஒரு மாதம் ஒருவருக்கு, அடுத்த மாதம் இன்னொருவருக்கு. பிரசங்கமும் ஜெபமும்கூட முறை வைத்துத்தான். இந்த மாதம் என்னைக் கேள்வி கேட்கிறவர் அடுத்த மாதம் என் பொறுப்புக்குள் வருவார் என்றால் நானும் பேசுவேன், அவரும் கேட்பார். பொறுப்பைக் கைமாற்றாமல் சனிக்கிழமையை மட்டும் எடுத்துக்கொண்டால் அது எங்கள் பாய்க் கூட்டம்தான். உங்கள் வீட்டில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது?

கடல்தாண்டி:
என்னிடம்தான், சிஸ்டர். ஆறு வருடமாக.

இதை எழுதும்போதுதான் இன்னொன்றும் உறைக்கிறது. தண்ணீர் லாரிக்குப் போன் செய்கிறவனும் நான்தான். எந்த நாள் வரும் என்று அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வருகிற ஒன்றாம் தேதி கணக்கு நோட்டையும் பெட்டிச் சாவியையும் லாரிக்காரர் நம்பரையும் அவரிடமே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். முதல் சனிக்கிழமை நான் பேச மாட்டேன், கேட்கிறேன்.

பழைய ஏடு:
கொடுங்கள், நல்லது. ஆனாலும் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. அந்தத் தம்பிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழ ஓர் அறை வேண்டும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் அது இருக்கிறதா?

கடல்தாண்டி:
இல்லை ஐயா. அவர் கூடத்தில்தான் படுக்கிறார். ஸ்டோர் ரூமில் சாமான்களை ஒதுக்கினால் ஒரு கட்டில் போடலாம். இன்று மாலை அளந்து பார்க்கிறேன்.