ஸ்பைடர்மேனுக்கு டிட்கோ வெறும் மை போட்டவராம்!

மைக்கூடு:
"ஸ்பைடர்மேனை வரைந்தது ஜாக் கிர்பி. அவர் பென்சில் கோட்டின்மேல் ஸ்டீவ் டிட்கோ மை போட்டார், அவ்வளவுதான்" என்று பழையகடை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. ஸ்பைடர்மேன் முதலில் வந்தது 1962 ஆகஸ்ட், மார்வெலின் 'அமேசிங் பேன்டஸி' காமிக்ஸ் 15ஆம் இதழ். ஸ்பைடர்மேன் கதை 11 பக்கம். பென்சில், மை இரண்டுமே டிட்கோ. முகத்தை முழுசாக மூடும் முகமூடி, உடையெங்கும் வலைக்கோடு, எல்லாம் அவர் கை.

பழையகடை:
அட்டைப்படம் யார்? அதை மட்டும் சொல்லுங்கள். பென்சில் கிர்பி, மை டிட்கோ. முடிந்தது.

மைக்கூடு:
எங்கே முடிந்தது? டிட்கோவும் ஓர் அட்டை வரைந்து கொடுத்தார். ஆசிரியரும் வசனகர்த்தாவுமான ஸ்டான் லீக்கு அது பிடிக்காமல் கிர்பியிடம் வேறு வாங்கினார். அந்த அட்டையில் கிர்பி வரைந்த உடை டிட்கோ வடிவமைத்தது.

சாணித்தாள்:
டிட்கோவுக்கு முன்பே கிர்பி 5 பக்கம் வரைந்தாரே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

மைக்கூடு:
அந்த 5 பக்கத்தைப் பற்றி விவரமாக எழுதியதே டிட்கோதான். மந்திர மோதிரத்தால் பெரிய ஹீரோவாக மாறும் பையன். ஜோ சைமனும் கிர்பியும் 1959இல் செய்த 'தி ஃப்ளை' காமிக்ஸ் மாதிரியே இருக்கிறது என்று லீயிடம் சொன்னவரும் அவர்தான். அந்தப் பக்கங்கள் அச்சுக்கே போகவில்லை. அப்புறம் எப்படி அது நமக்குத் தெரிந்த ஸ்பைடர்மேன் ஆகும்?

பழையகடை:
ஆக, அட்டை கிர்பி. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.
கிர்பி என்றால் இங்கே சிலருக்கு இளக்காரம். 1944இல் நார்மண்டியில் இறங்கிப் போர்முனையில் கால் வீங்கித் திரும்பிய மனிதர். 1980களில் தன் பழைய அசல் பக்கங்களைக் கேட்டபோது 88 பக்கம் தருகிறோம் என்றது மார்வெல். அதற்கும் மற்ற ஓவியர்களுக்கு இல்லாத நீளமான பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் வரைந்தவருக்கு 88!

மைக்கூடு:
அந்த அநியாயத்தை நான் எங்கே மறுத்தேன்? கிர்பிக்கு நடந்தது அநியாயம் என்றால் டிட்கோவின் உழைப்பைப் பிடுங்கி அவரிடம் கொடுத்து ஈடுகட்டுவீர்களா?

கோட்டோவியன்:
இரண்டு பேரும் ஓவியர் வாலி வுட்டை மறந்துவிட்டீர்கள். 1965இல் மார்வெலின் 'டேர்டெவில்' 7ஆம் இதழில் அந்த ஹீரோவுக்குச் சிவப்பு உடையைக் கொடுத்தவர். கதையையும் ஓவியரே யோசிக்க வேண்டும், காசு மட்டும் படத்துக்குத்தான் என்றதும் வெளியேறினார். 1966இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கினார். 1981இல் தற்கொலை. இதைப் பேச ஒருவருக்கும் மனசில்லை.

சாணித்தாள்:
எந்தத் திரியானாலும் உங்களுக்கு வுட்தான். கிர்பி திரியையும் இப்படித்தான் கெடுத்தீர்கள்.

கோட்டோவியன்:
அங்கே நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மைக்கூடு:
உங்கள் கணக்கை அங்கே போய்த் தீருங்கள். வுட் பட்ட பாடுதான் டிட்கோவுக்கும். கதையை அவரே யோசித்து வரைந்தார், வசனம் பிறகு லீ எழுதினார். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழில் 1965இல்தான் கதையமைப்பு என்று அவர் பெயரைப் போட்டார்கள். 38ஆம் இதழோடு 1966இல் கிளம்பிவிட்டார். 2018இல் இறக்கும்வரை பேட்டிக்கு வந்தவர்களை வாசலோடு அனுப்பினார். அப்படிப்பட்டவரைத்தான் 'மை போட்டவர்' என்கிறீர்கள்.

பழையகடை:
அட்டைக்கு மை போட்டவர்தானே? பொய்யா?

மைக்கூடு:
உள்ளே 11 பக்கம் ஐயா, 11 பக்கம்! 'அமேசிங் பேன்டஸி' 15இல் ஸ்பைடர்மேனோடு மற்றக் கதைகளும் சேர்த்து 24 அசல் பக்கங்களும் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்துவிட்டன. தந்தவர் பெயர்கூடச் சொல்லவில்லை. 24 பக்கமும் டிட்கோ கை. ஒரு கோடு கிர்பியுடையது என்று காட்டுங்கள்.

பழையகடை:
அந்த 24இல் அட்டை இல்லையே.

சாணித்தாள்:
அதானே.

மைக்கூடு:
உள்பக்கத்தைப் பற்றிக் கேட்டால் மறுபடி அட்டை. 11 பக்கத்தை வரைந்தது யார்? பெயரை எழுதுங்கள், காத்திருக்கிறேன்.